தேவப்பிரயாகை என்னும் கண்டமென்னும் கடிநகர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவப்பிரயாகை எங்கே இருக்கிறது?

உத்தராகண்டில், தெஹ்ரி கட்வால் மாவட்டத்தில். ரிஷிகேசத்தில் சமவெளி முடிகிறது. அங்கிருந்து பத்ரிநாத் சாலையில் ஏறத்தாழ 70 கி.மீ. போனால் இந்த ஊர். பாகீரதியும் அலக்நந்தாவும் இங்கே கூடுகின்றன. இதற்குக் கீழேதான் அந்த நீருக்குக் கங்கை என்று பெயர்.

இமயமலை என்றதும் குளிரை எண்ணிக் கம்பளியோடு வருபவர்கள் மே மாதத்தில் திணறிப்போவார்கள். நதிமட்டம் கடலிலிருந்து ஐந்நூறு மீட்டரைக்கூடத் தொடாது. சுற்றிலும் செங்குத்தான மலைகள் நிற்பதால் பள்ளத்தாக்கில் வெப்பம் தேங்கி நிற்கும். வெயில் காலத்தில் பருத்தித் துணியே போதும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மலைநிழல் சீக்கிரம் விழுந்துவிடுவதால் பிற்பகலிலேயே சில்லிடும்.

கங்கை கங்கோத்ரியில் பிறக்கிறது என்கிறார்களே, இங்கிருந்துதான் கங்கை என்பது எப்படி?

கங்கோத்ரிக்கு மேலே கோமுகத்தில் பனிப்பாறையின் வாயிலிருந்து வெளிவருவது பாகீரதி. பகீரதன் தவத்தால் இறங்கியவள் என்பதால் மரபு அவளையே மூலமாகக் கொள்கிறது. பத்ரிநாத்துக்கு மேலே சதோபந்த் பனிப்பாறைப் பக்கமிருந்து வருவது அலக்நந்தா. தவுளிகங்கை, நந்தாகினி, பிண்டர், மந்தாகினி ஆகிய நான்கு ஆறுகளையும் விஷ்ணுப்பிரயாகை, நந்தப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை என்ற நான்கு கூடல்களில் வாங்கிக்கொண்டு ஐந்தாவது கூடலான இங்கே வந்து சேர்கிறாள். நீரின் அளவைப் பார்த்தால் அலக்நந்தாவே பெரியவள். ஆனாலும் பெயர் இரண்டில் ஒன்றுக்குப் போகவில்லை. இருவரும் கலந்த பின்னரே கங்கை என்பது கட்வால் மக்களின் வழக்கு.

பாகீரதி இரைச்சலோடு பாய்ந்து வருவாள், அலக்நந்தா ஓசையடங்கி வருவாள். ஊரார் முன்னவளை மாமியார் என்றும் பின்னவளை மருமகள் என்றும் சொல்வார்கள்.

புகைப்படங்களில் ஒரு நதி பச்சையாகவும் மற்றது பழுப்பாகவும் தெரிகிறதே, ஏன்?

பச்சையாகத் தெளிந்து வருவது பாகீரதி. மேலே தெஹ்ரியில் 260.5 மீட்டர் உயர அணை இருக்கிறது. 2005 அக்டோபரில் நீர் தேக்கத் தொடங்கினார்கள், மறு ஆண்டு மின் உற்பத்தி வந்தது. நீர்த்தேக்கத்தில் வண்டல் அடியில் தங்கிவிடுகிறது, தெளிந்த நீர் மட்டுமே கீழே வருகிறது. அலக்நந்தாவிலும் கட்வாலின் ஸ்ரீநகருக்கு (காஷ்மீரத்து ஸ்ரீநகர் வேறு) அருகே மின் திட்டம் உண்டு. இருந்தும் அத்தனை பெரிய தேக்கம் இல்லாததால் பனி உருகும் காலத்திலும் மழைக்காலத்திலும் மண்ணைச் சுமந்தே வருகிறாள்.

இரண்டு நிறமும் கோடு கிழித்தாற்போல் தெரிய வேண்டுமானால் மே, ஜூன் அல்லது மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதியில் வர வேண்டும். கொட்டும் மழைக்காலத்தில் இரண்டுமே கலங்கிப்போகும். குளிர்காலத்தில் இரண்டுமே தெளிந்து வேறுபாடு மங்கிவிடும்.

சங்கமத்தில் நீராடுவது பாதுகாப்பானதா?

முறையறிந்து நீராடினால் பாதுகாப்பானதுதான். ஆற்றில் இறங்கும் எண்ணத்தோடு வருபவர்கள் இந்தப் பதிலை மட்டுமாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

இரண்டு ஆறுகளுக்கும் நடுவே கத்திமுனை போல நீளும் பாறையில் படிகள் வெட்டியிருக்கிறார்கள். பாகீரதிப் பக்கம் பிரம்ம குண்டம், அலக்நந்தாப் பக்கம் வசிட்ட குண்டம். படியோரத்தில் இரும்புச் சங்கிலிகள் உண்டு. ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, நிற்கும் படியிலேயே உட்கார்ந்து மறுகையால் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதே உள்ளூர் முறை. முங்க விரும்பினால் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டும். நீச்சல் தெரியும் என்பது இங்கே தகுதி ஆகாது. இரண்டு நீரோட்டங்கள் மோதும் இடத்தில் சுழல் கீழ்நோக்கி இழுக்கும். தண்ணீரோ ஐஸ் போல் இருப்பதால் சில நிமிடங்களிலேயே கைகால் மரத்துப்போகும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, மழையே இல்லாத நாளில் நீர்மட்டம் ஏறுவது. மின்தேவை கூடும் வேளைகளில் மேலே அணைகளிலிருந்து நீர் விடுவார்கள். வானம் தெளிந்திருக்கும்போதே காலடிப் படி மூழ்கிவிடும். ஆகவே இறங்கியதும் எந்தப் படி வரை ஈரம் காய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஈரப்பாசி படிந்த படிகள் இருந்தால் நீர் அதுவரை ஏறி இறங்கியிருக்கிறது என்று பொருள். பைகளையும் செருப்பையும் அதற்கு மேலே வையுங்கள். நீரின் ஓசை மாறினாலோ, அபாயச் சங்கு ஒலித்தாலோ, படித்துறைக்காரர் குரல் கொடுத்தாலோ பாதி நீராட்டத்தில் இருந்தாலும் ஏறிவிட வேண்டும். பெண்கள் சேலை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்வது நல்லது. மிதக்கும் துணியை ஓட்டம் பற்றிக்கொண்டால் ஆளையும் இழுத்துவிடும்.

ரகுநாதர் கோயில் எவ்வளவு பழையது?

ஆதிசங்கரர் காலத்தோடு இணைத்துச் சொல்வது கோயில் மரபு. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று அதைவிடப் பழையது. கோயிலுக்குப் பின்னுள்ள பாறையில் பிராமி எழுத்தில் யாத்திரிகர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அரசர் புகழோ தானக் கணக்கோ அதில் இல்லை. வந்தவர்கள் தம் பெயரை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஆட்கள் நடந்து வந்து சேர்ந்த துறை இது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் வேண்டாம். பெரும்பாலோர் முன்வாசலில் தொழுதுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அவசியம் பின்பக்கம் போய்ப் பாருங்கள். எழுத்தின் மேல் தண்ணீர் தெளிப்பதோ சுண்ணாம்பு தடவுவதோ கூடாது. காலை நேரச் சாய்ந்த வெளிச்சமே எழுத்தைக் காட்டிவிடும்.

இப்போது நிற்கும் கட்டடம் முழுக்க அந்தக் காலத்தது இல்லை. 1803-ல் கட்வாலைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் கோயில் சிதைந்தது. குவாலியரின் தவுலத் ராவ் சிந்தியா பொருள் கொடுக்க, திருப்பணி நடந்தது. அடுக்கடுக்காகக் குறுகி உயரும் வடநாட்டு விமானம், உள்ளே கருங்கல்லில் நின்ற திருக்கோலத்தில் இராமர், எதிரே கருடன். இராவணனைக் கொன்ற பாவம் நீங்க இராமன் இங்கே தவம் செய்தான் என்பது தலவரலாறு. ஊர்ப்பெயர் தேவசர்மா என்னும் முனிவரால் வந்தது என்பார்கள். சுற்றியுள்ள மலைகளில் ஒன்று தசரதாசலம். அங்கிருந்து வரும் ஓடைக்குத் தசரதன் மகள் சாந்தையின் பெயர்.

திவ்யதேசம் என்பது இந்தக் கோயில்தானா?

ஆம். பெரியாழ்வார் ஒரு திருமொழி முழுவதும் பாடிய ‘கண்டமென்னும் கடிநகர்’ இதுவே என்பது வைணவ மரபு. அவர் பாடும் பெயர் புருடோத்தமன். ‘கங்கையின் கரைமேல்’ என்று இடத்தையும் சொல்லிவிடுகிறார். தமிழ் மரபில் பெருமாள் நீலமேகர், தாயார் புண்டரீகவல்லி. ஆனால் கடைத்தெருவில் ‘நீலமேகப் பெருமாள் கோயில்’ என்று வழி கேட்டால் யாருக்கும் புரியாது. ‘ரகுநாத் மந்திர்’ என்று கேளுங்கள்.

பூசை வடநாட்டு முறையில் நடக்கும். பாசுரம் சேவிக்க விரும்புவோர் அச்சடித்த தாளைக் கையோடு கொண்டுவாருங்கள். மலைமறைவு மிகுந்த பாதையில் கைப்பேசியை நம்ப முடியாது. இதே சாலையில் மேலே போனால் ஜோஷிமடத்தில் திருப்பிரிதி என்னும் திவ்யதேசமும், முடிவில் பத்ரியும் வந்துவிடும்.

கோயிலுக்கு எப்படி இறங்குவது? வயதானவர்களால் முடியுமா?

பேருந்து நிற்பது பாகீரதியின் வலக்கரையில் உள்ள கடைத்தெருவில். கோயிலும் சங்கமமும் அக்கரையில், இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நாக்கு போன்ற நிலத்தில் இருக்கின்றன. கடைத்தெருவிலிருந்து படியிறங்கி, நடப்பவர்களுக்கான தொங்குபாலத்தில் பாகீரதியைக் கடந்து, வீடுகளுக்கு இடையிலான சந்துகளில் போக வேண்டும். கோயிலுக்கு மேலே ஏறும் படி, சங்கமத்துக்குக் கீழே இறங்கும் படி. சந்து முழுவதும் கல் பாவியது. மழையில் வழுக்கும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்குவதை எளிது என்று எண்ணிவிடுகிறார்கள். திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். ஊன்றுகோல் எடுத்துக்கொண்டு, கோயிலை முதலில் பார்த்துவிட்டுச் சங்கமத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வீட்டுத் திண்ணைகள் உண்டு, உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மதியம் நடை சாத்தப்படும் என்பதால் காலை பத்து மணிக்குள் பாலத்தைக் கடந்துவிட்டால் அவசரமில்லை.

ஊர் ஏன் இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது?

நேபாளத்துக் கூர்க்கர் ஆட்சி 1804 முதல் 1815 வரை கட்வாலில் நடந்தது. அவர்களை விரட்டிய ஆங்கிலேயர், அலக்நந்தாவுக்குக் கிழக்கே உள்ள பகுதியைத் தாமே வைத்துக்கொண்டு மேற்கை மட்டும் அரசர் சுதர்சன் ஷாவிடம் கொடுத்தனர். அவர் தெஹ்ரியைத் தலைநகராக்கினார். அதனால் கோயில் தெஹ்ரி சமஸ்தானத்திலும், அலக்நந்தாவின் அக்கரையில் உள்ள பாஹ் கடைத்தெரு பிரிட்டிஷ் கட்வாலிலும் போய்விட்டன. ஒரே ஊரார், நடுவில் அரசு எல்லை. 1949-ல் தெஹ்ரி இந்தியாவோடு இணைந்தது. எல்லை அழிந்தாலும் கோடு மாவட்டக் கோடாக நிலைத்துவிட்டது. பாஹ் இன்றும் பவுரி மாவட்டம்.

கால்நடை யாத்திரைக் காலத்தில் பாஹ்தான் ஊரின் முகப்பு. ரிஷிகேசத்தைத் தாண்டி லட்சுமண் ஜூலாவில் கங்கையைக் கடந்து, இடக்கரையோடு வியாசகாட் வழியாக வரும் பாதை இங்கேதான் சேர்ந்தது. வழியெங்கும் ‘சட்டி’ என்று அழைக்கப்பட்ட தங்குமிடங்கள். சட்டிக்காரரிடம் அரிசி, பருப்பு வாங்கினால் பாத்திரமும் அடுப்பும் இடமும் இலவசம். இப்போதைய மோட்டார் சாலை எதிர்க்கரையில் ஓடுவதால் பாஹ் பின்வாசலாகிவிட்டது.

தேவப்பிரயாகைப் பண்டாக்கள் யார்? நம் முன்னோர் பெயர் அவர்களிடம் இருக்குமா?

பத்ரிநாத்தின் தீர்த்தப் புரோகிதர்கள் இவர்கள். கோயிலின் தலைமை அர்ச்சகரான ராவல் வேறு, அவர் கேரளத்து நம்பூதிரி. பண்டாக்களின் வேலை யாத்திரிகரை வரவேற்று, தங்கவைத்து, கர்மங்களைச் செய்வித்து, பெயரைப் பதிவது. ஏப்ரல்–மே வாக்கில் பத்ரிநாத் நடை திறந்ததும் மேலே போவார்கள். நவம்பரில் சாத்தியதும் இறங்கி வந்துவிடுவார்கள். அதனால் கோடையில் ஊர் பாதி காலியாகவும் குளிர்காலத்தில் நிறைந்தும் இருக்கும். வழக்கமான சுற்றுலா ஊர்களுக்கு நேர் எதிர்.

இவர்களில் பல குடும்பங்கள் தம் முன்னோர் தென்னாட்டிலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் வந்தவர்கள் என்று சொல்கின்றன. ‘கர்நாடக்’ என்றே ஒரு குடும்பப்பெயர் உண்டு.

‘பஹி’ என்னும் நீளவாட்டுக் கணக்கேட்டில் வந்தவரின் ஊர், சாதி, தந்தை, பாட்டன், உடன் வந்தோர், வந்த நாள் எல்லாம் எழுதி, வந்தவரிடமே கையெழுத்தும் வாங்கி வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்ன நிலப்பகுதி என்று பிரிவு உண்டு. ஆகவே தெருவில் முதலில் எதிர்ப்பட்டவரிடம் கேட்டுப் பயனில்லை. முன்னோரின் சொந்த ஊர், பழைய ஜில்லாப் பெயர், தாத்தா அல்லது கொள்ளுத்தாத்தா பெயர், அவர்கள் யாத்திரை வந்திருக்கக்கூடிய உத்தேச ஆண்டு ஆகியவற்றைத் தாளில் எழுதி வாருங்கள். ‘இந்தப் பகுதிக்குப் பண்டா யார்?’ என்று கேட்டால் ஆளைக் காட்டுவார்கள். இங்கே சறுக்குவது பெரும்பாலும் ஊர்ப்பெயரில். இன்று ஒரு மாவட்டத்தில் இருக்கும் ஊர் அன்று வேறு ஜில்லாவில் இருந்திருக்கும், ஏடு அன்றைய பெயரில்தான் இருக்கும். ‘தமிழ்நாடு’ என்று தேடினால் கிடைக்காதது ‘மதராஸ்’ என்று தேடினால் கிடைக்கலாம்.

இங்கே பித்ரு கர்மம் செய்யலாமா?

செய்யலாம், பலர் இதற்கென்றே வருகிறார்கள். மந்திர முறையும் பிண்டம் வைக்கும் வரிசையும் நம் வீட்டு முறையிலிருந்து மாறும். உங்கள் சூத்திரப்படியே வேண்டுமானால் உங்கள் வாத்தியாரோடு வாருங்கள், அல்லது முறையை அவரிடம் எழுதி வாங்கி வாருங்கள். கறுப்பு எள், தர்ப்பை, பவித்திரம், பஞ்சபாத்திர உத்தரணி இவற்றைக் கையோடு கொண்டுவருவது நிம்மதி. அரிசியும் மாவும் பூவும் இங்கேயே கிடைக்கும். கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் இந்தி எழுத்தில் எழுதியிருந்தால் புரோகிதர் தடுமாறாமல் சொல்வார். தட்சிணையைத் தொடங்குமுன் பேசி முடித்துவிடுங்கள். முடிந்தபின் பேசுவதால்தான் இரு தரப்புக்கும் மனக்கசப்பு வருகிறது. பத்ரிநாத்தின் பிரம்மகபாலத்தில் செய்யப் போகிறவர்கள் இங்கே தர்ப்பணத்தோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம்.

எந்த மாதம் வரலாம்? சாலை எப்படி?

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரை மிக நல்ல காலம். பிப்ரவரி, மார்ச்சும் நன்று. மகரசங்கராந்தி, வசந்தபஞ்சமி, பைசாகி என்னும் நம் சித்திரை மாதப்பிறப்பு ஆகிய நாட்களில் சுற்றுவட்டக் கிராமங்கள் நீராட வந்துவிடும். ஊரை ஊராகப் பார்க்க அந்த நாட்களே ஏற்றவை, ஆனால் முந்தின இரவே வந்துவிட வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். ரிஷிகேசத்துக்கும் இவ்வூருக்கும் இடையே தோதாகாட்டி என்னும் செங்குத்துப் பாறைப்பகுதி சாலையை அடிக்கடி மூடிவிடும். மேலிருந்து கல் விழும்போது வண்டி நிறுத்திப் படம் எடுப்பதைப் போன்ற தவறு வேறில்லை. ஊருக்குள்ளும் ஆபத்து உண்டு. 2021 மே 11 அன்று மேகவெடிப்பில் சாந்தை ஓடை பொங்கிக் கடைத்தெருவையும் ஐ.டி.ஐ. கட்டடத்தையும் அடித்துச் சென்றது. கொரோனா ஊரடங்கால் கடைகள் மூடியிருந்தன. அதனால் உயிர்கள் தப்பின. பெருநதியைவிடச் சிற்றோடைகளே இங்கே சடுதியில் கோபிக்கும். மழைநாளில் ஓடை வாய்க்கருகே அறை எடுக்காதீர்கள்.

சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஹரித்வார் அல்லது யோகநகரி ரிஷிகேசம் வரை ரயில். விமானமென்றால் டேராடூன் ஜாலிகிராண்ட். ரிஷிகேசத்திலிருந்து ஸ்ரீநகர், ருத்ரப்பிரயாகை, ஜோஷிமடம் போகும் எந்தப் பேருந்தும் பங்கு ஜீப்பும் இங்கே நிற்கும். அதிகாலையில் வண்டிகள் அதிகம், பிற்பகலுக்குப் பின் குறைந்துவிடும். இரவில் மலைச்சாலைப் பயணம் வேண்டாம். பத்ரிநாத் யாத்திரைக்கான பதிவு இவ்வூருக்கு மட்டும் வருவோருக்குத் தேவையில்லை.

புதிய ரயில் பாதை வந்தால் ஊர் மாறுமா?

மாறும். ரிஷிகேசம்–கர்ணப்பிரயாகைப் பாதை 125 கி.மீ. அதில் பெரும்பகுதி மலைக்குள் சுரங்கம். தேவப்பிரயாகைக்கும் ஜனாசுவுக்கும் இடையிலான 14.5 கி.மீ.க்கு மேற்பட்ட சுரங்கம் 2025 ஏப்ரலில் துளைத்து முடிக்கப்பட்டது. இந்தியாவின் மிக நீண்ட ரயில் சுரங்கம் அதுதான்.

நடந்து வந்த காலத்தில் இவ்வூரில் இரவு தங்காமல் யாரும் பத்ரிக்குப் போனதில்லை. மோட்டார் சாலை வந்தபின் பேருந்து ஐந்து நிமிடம் நிற்கிறது, மேலிருந்து சங்கமத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ரயில் சுரங்கத்துக்குள் போகிறவருக்கு அந்தக் காட்சிகூட இல்லை. நிலையத்தில் இறங்குபவர்களுக்கு ஊருக்குள் வர நல்ல வழியும், தங்க எளிய அறைகளும் இருந்தால் மட்டுமே ரயில் ஊருக்கு உதவும். இப்போதைக்குச் செய்யக்கூடியது, பத்ரி யாத்திரைத் திட்டத்தில் இங்கே ஓர் இரவை ஒதுக்குவது. மாலையில் சங்கமத்தில் விளக்கேற்றும் நேரத்தில் சாலை வண்டிகளின் ஓசை அடங்கி ஆற்றின் இரு குரல்களும் தனித்தனியே கேட்கும்.

கோயில் தவிர என்ன பார்க்கலாம்?

ஆச்சாரியார் சக்ரதர் ஜோஷி 1946-ல் நிறுவிய நட்சத்திர வேதசாலை தசரதாசலத்தில் இருக்கிறது. தொலைநோக்கிகளோடு பழைய சோதிட, வானவியல் சுவடிகளும் உள்ள இடம். போகுமுன் திறந்திருக்கிறதா என்று கடைத்தெருவில் கேட்டுவிடுங்கள். மத்திய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தின் ரகுநாத் கீர்த்தி வளாகமும் இங்கே உண்டு. நாள் இருந்தால் சந்திரபதனி தேவி மலைக்கு வண்டி பிடித்துப் போகலாம். மழை கழுவிய வானமாக இருந்தால் பனிச்சிகரங்கள் வரிசையாகத் தெரியும்.

சாப்பாடு?

கடைத்தெருவில் ரொட்டி, பருப்பு, ராஜ்மா, சோறு கிடைக்கும். இட்லியைத் தேடாமல் உள்ளூர்ச் சாப்பாட்டைக் கேளுங்கள். மண்டுவா ரொட்டி நம் கேழ்வரகு, ஜங்கோரா நம் குதிரைவாலி, கஹத் நம் கொள்ளு. பெயர்தான் புதிது, தானியம் பழக்கமானது.

முக்கியமாக ‘அர்சா’. ஊறவைத்த அரிசியை ஈரப்பதத்தோடு இடித்து, வெல்லப்பாகில் கிளறி, தட்டிப் பொரிப்பது. அப்படியே நம் அதிரசம்! தென்னாட்டுப் புரோகிதக் குடும்பங்களோடு வந்த பலகாரம் என்று கட்வாலில் சொல்கிறார்கள். கடுகெண்ணெயில் பொரிப்பதால் வாசனை மாறும். பாகு முற்றினால் கல்லாகிவிடும், இளகினால் எண்ணெயில் பிரிந்துவிடும். நம் வீடுகளில் நடக்கும் அதே தகராறு. கல்யாணம் முடிந்து புகுந்தவீடு போகும் பெண்ணோடு கூடை நிறைய அர்சா போகும். பல நாள் கெடாது என்பதால் வழிப்பயணத்துக்கும் நல்லது.

கங்கைத் தீர்த்தம் எப்படி எடுத்து வருவது?

சங்கமத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு நீரும் கலந்த ஓரத்தில் எடுங்கள். குனிந்து குடத்தை முக்காதீர்கள். கயிறு கட்டிய சொம்பில் மொண்டு ஊற்றுங்கள். கலங்கல் காலமாக இருந்தால் ஓர் இரவு அசையாமல் வைத்து, மேல்நீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, பிறகு மூடுங்கள். அடிமண்ணோடு அடைத்தால் சில வாரங்களில் வாடை வரும். செம்பில் வாய் அடைத்துத் தருவார்கள், ஆனால் பற்றவைப்பில் நுண்ணிய ஓட்டை இருப்பது சகஜம். துணியின் மேல் கவிழ்த்து அரைமணி நேரம் வைத்துச் சோதித்து வாங்குங்கள். விமானத்தில் கைப்பையில் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சரக்காக அனுப்பும் பெட்டியில் துணிகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள்.